ரேகைச் சட்டம் முதல் அடிப்படை உரிமை வரை

(ஜூபிலி விழாவின் மூன்றாம் நாள் மாலை நடந்த பங்கு மக்கள் கூட்டத்தில், பங்குப் பேரவையின் சார்பில் படிக்கப்பட்ட உரை)

 

மனித உரிமைச் சட்டங்கள் நம் நாட்டில் எப்படி வளர்ந்தன என்பதைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பைக் கேட்டதும் எங்களில் மூத்தவர் ஒருவர், "இது வக்கீல்கள் பேசவேண்டியதப்பா, நமக்கு எதற்கு?" என்றார். பங்குத்தந்தைதான் லேவியர் ஆகமத்தை எடுத்துக் காட்டினார். ஐம்பதாம் ஆண்டில் அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்பவேண்டும், விற்றுப்போன நிலம் உரியவனிடம் சேரவேண்டும் என்பதே ஜூபிலி. சப்பரமும் வாணவேடிக்கையும் பிறகு வந்தவை. ஆகவே ஜூபிலி வாரத்தில் இந்தப் பொருளைப் பேசுவது பொருத்தமே என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

மேலும், நம் அலங்காநல்லூரில் சட்டம் தெரியாதவர் யார் இருக்கிறார்கள்? 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் இந்த ஊரில் வாடிவாசல் திறக்கவேண்டும் என்று உட்கார்ந்த இளைஞர்களைப் போலீசார் பிடித்துச் சென்ற செய்தி பரவித்தான் சென்னை மெரினாவில் அத்தனை கூட்டம் சேர்ந்தது. சட்டசபை சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18-ஆம் தேதி 5 நீதிபதிகள் அமர்ந்து அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த ஆண்டுகளில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்கூட, பண்பாட்டைக் காக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 29-ஆம் பிரிவில் இருக்கிறது, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை 19-ஆம் பிரிவில் இருக்கிறது என்று பேசக் கேட்டிருக்கிறோம். காளைக்காக அவ்வளவு படித்தோம். மனிதனுக்காகவும் இன்று சற்று நேரம் செலவிடுவோம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மதுரைச் சீமையில் சட்டம் என்றால் மக்களுக்கு ஞாபகம் வந்தது ரேகைதான். வெள்ளைக்கார அரசாங்கம் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முதலில் அது வடநாட்டுக்கு மட்டும். 1911-இல் அதை விரித்து எழுதியபோது சென்னை மாகாணமும் அதற்குள் வந்தது. சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் மக்கள்மேல் அது படிப்படியாகச் சுமத்தப்பட்டது. திருடியவனைப் பிடிப்பதற்கு ஏற்கெனவே சட்டம் இருந்தது. இந்தச் சட்டமோ, ஒரு சமூகத்தில் பிறந்தவன் எல்லாம் குற்றவாளி என்று அரசாங்கம் அறிவித்துவிடலாம் என்றது. வயதுவந்த ஆண்கள் விரல் ரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ வந்து படுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். உழுத களைப்பில் வந்தவனும், புதிதாகக் கல்யாணம் ஆனவனும் அந்தியில் எழுந்து சாவடிக்குப் போனார்கள்.

அந்தச் சட்டத்தில் எல்லாவற்றையும்விடக் கொடியது வேறொன்று என்பது எங்கள் எண்ணம். அரசாங்கம் ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்புச் சரியா தவறா என்று கேட்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் கிடையாது என்று அதிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அடித்தவனிடமே போய் முறையிட வேண்டும். வேறு வாசல் கிடையாது.

1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், நாங்கள் குற்றம் செய்யவில்லை, ரேகை வைக்கமாட்டோம் என்று ஊர் மறுத்து நின்றது. போலீஸ் சுட்டது. 16 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் பெண். மாயக்காள் என்று பெயர். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். அங்கே இன்று நினைவுத் தூண் நிற்கிறது. நம் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்கும் வேளாங்கண்ணிக்கும் அழைத்துப் போகிறோம்; ஒருமுறை அங்கேயும் அழைத்துப் போகலாம்.

இந்த மக்களுக்காகக் கோர்ட்டிலும் பத்திரிகையிலும் போராடியவர்களில் ஒருவர் கிறிஸ்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். 1887-இல் கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்து, மதுரையில் வந்து தொழில் நடத்தியவர். மதுரை ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்க முன்நின்றவர். கோட்டில் ரோஜாப் பூ செருகியிருப்பாராம். அதனால் கள்ளர் மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள், அந்தப் பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்கும் வைத்தார்கள். 1938-இல் மதுரையிலேயே இறந்தார். தன் மதத்தாரும் அல்லாத, தன் ஊராரும் அல்லாத மக்களுக்காக உழைத்த இவருடைய பெயரை நாம் மேடையில் சொல்வதே இல்லை. பின்னர் முத்துராமலிங்கத் தேவரும் ஜீவாவும் இன்னும் பலரும் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-ஆம் தேதியிலும் அது ஒழிந்தது. ஆனாலும் வாசனை உடனே போகவில்லை. சிறை விதிப் புத்தகங்களில் சாதி பார்த்து வேலை கொடுப்பதும், பழைய குற்றப் பரம்பரையினரைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதும் எழுத்திலேயே இருந்தன. அவை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபர் 3-ஆம் தேதிதான்.

சட்டம் வந்து மனிதன் நடந்ததும் உண்டு. மனிதன் நடந்த பிறகு சட்டம் பின்னால் ஓடிவந்ததும் உண்டு. 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் சென்றார். மேலூர்ப் பக்கத்துத் தும்பைப்பட்டிக்காரரான கக்கனும் அவர்களில் ஒருவர். பிற்காலத்தில் அவர் மந்திரியானார். அப்படி உள்ளே போனவர்களையும் அழைத்துப் போனவர்களையும் வழக்கிலிருந்து காக்கும் சட்டம் அதற்குப் பிறகே, அதே ஆண்டில் வந்தது.

அந்தக் கோயிலைப் பார்த்து நாம் பெருமூச்சு விடவேண்டியதில்லை. நம் கோயில் கதையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் தேவாலயத்துக்குள் ஒரு காலத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரிக்கும் சுவர் இருந்தது. 1910-இல் குருக்கள் அதை இடித்தார்கள். எங்கள் இடத்தை எங்களுக்கே தனியாகத் தரவேண்டும் என்று ஒரு பிரிவினர் திருச்சி மேற்றிராணியார் பார்த் ஆண்டகைமேல் வழக்குப் போட்டார்கள். நம் மதுரைப் பகுதியும் அப்போது திருச்சி மேற்றிராசனத்தையே சேர்ந்தது. மதுரை தனி மேற்றிராசனமானது 1938-இல்தான். வழக்கு சென்னை ஐகோர்ட்டுவரை போயிற்று. கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதியால் தனி இடம் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை என்று கோர்ட்டு தள்ளிவிட்டது. தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு அரசியல் சட்டத்தில் எழுதப்படுவதற்கு வெகு காலம் முன்பே இது நடந்தது என்பதில் நாம் கொஞ்சம் பெருமைப்படலாம். வழக்குப் போட்டவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களே என்பதையும் மறக்கவேண்டாம்.

சுதந்திரம் வந்தது. டாக்டர் அம்பேத்கர் தலைமையில் அரசியல் சட்டம் எழுதப்பட்டது. அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்திலிருந்து ஒரு குருவானவரும் அமர்ந்திருந்தார். சேசு சபையைச் சேர்ந்த ஜெரோம் டிசூசா சுவாமி அவர். சென்னை லொயோலா கல்லூரியின் தலைவராக இருந்தவர். தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவு 1948 நவம்பர் 29-ஆம் தேதி சபையில் நிறைவேறியது. அதற்கு 11 நாள் கழித்து, டிசம்பர் 10-ஆம் தேதி, பாரிஸில் ஐக்கிய நாடுகள் சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அந்தப் பிரகடனத்தின் முதல் வாக்கியத்தில் ஆண்களைக் குறிக்கும் சொல்லைப் போட்டிருந்தார்கள். மனிதர் எல்லோரும் என்று மாற்றச் செய்தவர் நம் நாட்டுப் பெண்மணி ஹன்சா மேத்தா. இதைத் தாய்மார்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நம் திருச்சபையும் பின்னர் இந்த மொழியைப் பேசியது. 1963-இல் பாப்பரசர் இருபத்து மூன்றாம் அருளப்பர் விடுத்த சமாதான நிருபம் மனித உரிமைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது.

1950 ஜனவரி 26 முதல் நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பது 14-ஆம் பிரிவு. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு 21-ஆம் பிரிவு. கட்டாய வேலை வாங்கக்கூடாது என்பது 23-ஆம் பிரிவு. மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை 25-ஆம் பிரிவு. இவற்றையெல்லாம் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லுவார்கள். அம்பேத்கர் இவற்றில் எதையும் சட்டத்தின் உயிர்நாடி என்று சொல்லவில்லை. அவர் அப்படிச் சொன்னது 32-ஆம் பிரிவை. உரிமை பறிபோனால் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பது அந்தப் பிரிவு. ரேகைச் சட்டம் அடைத்து வைத்த வாசலைத்தான் அது திறந்தது. எழுத்தில் உரிமை இருந்து, கேட்க இடம் இல்லாவிட்டால் என்ன பயன் என்பதை நம் பக்கத்து மக்களைவிட யார் அறிவார்கள்?

அந்த வாசல் ஒருமுறை மீண்டும் அடைபட்டது. 1975 ஜூன் 25-ஆம் தேதி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். நெருக்கடி நிலையில் அந்த உரிமை கிடையாது என்று 1976 ஏப்ரல் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகளில் 4 பேர் சொன்னார்கள். எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். தலைமை நீதிபதிப் பதவி அவருக்குக் கிடைக்காமல் போயிற்று. 1978-இல் 44-ஆம் திருத்தம் வந்து, எந்த நெருக்கடியிலும் 21-ஆம் பிரிவை நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியது. அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே 2017-இல் சொல்லிவிட்டது.

மற்றச் சட்டங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-இல் வந்தது; 1976-இல் அதைக் கடுமையாக்கிக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் 1976-இல்தான். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் நிறைவேறியது. மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1993-இல் வந்து, டில்லியில் தேசிய மனித உரிமை ஆணையமும், 1997-இல் சென்னையில் மாநில ஆணையமும் ஏற்பட்டன. ஆணையத்துக்குத் தமிழில் எழுதலாம், கட்டணம் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுதவேண்டும். ஆணையம் சிபாரிசு செய்யலாம். கோர்ட்டைப் போலத் தண்டிக்க முடியாது.

சட்டம் வந்தவுடன் ஊர் மாறிவிடவில்லை. மேலூர்ப் பக்கம் மேலவளவில், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30-ஆம் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உசிலம்பட்டிச் சீமையில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் அதே ஒதுக்கீட்டுக்காக 1996 முதல் தேர்தல் நடத்த முடியாமல் இருந்து, 2006-இல்தான் முறையாக நடந்தது. பெருங்காமநல்லூரில் உரிமைக்காக உயிர் கொடுத்த அதே வட்டாரம் இது. வருத்தத்தோடுதான் சொல்கிறோம்.

இனி நம் சொந்தக் கதை. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கு இளைஞன் ஒருவனை இரவில் விசாரணைக்கென்று அழைத்துப் போனார்கள். எந்தக் காவல் நிலையம் என்று இங்கே சொல்லவேண்டியதில்லை. அவன் தாயாரோடு நாங்கள் ஏழெட்டுப் பேர் விடியும்வரை வெளியே புளியமரத்தடியில் நின்றோம். உள்ளே போய் என்ன கேட்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. செபமாலை சொன்னோம், அது நல்லதே. ஆனால் கைது செய்தால் அதற்கான குறிப்பு எழுதிக் குடும்பத்தார் அல்லது ஊரார் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்றெல்லாம் சட்டம் அன்றும் இருந்தது. 24 மணி நேர விதி அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவிலேயே உள்ளது. மற்றவற்றை டி. கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. பையன் மறுநாள் வந்துவிட்டான். எல்லோர் பிள்ளையும் அப்படி வருவதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் காவலில் பட்ட அடியால் மாண்டதை மறந்திருக்க மாட்டோம். அன்று யாரும் மனுப் போடுவதற்குக் காத்திராமல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்து, மாஜிஸ்திரேட் ஒருவரைக் காவல் நிலையத்துக்கே விசாரிக்க அனுப்பியது. 2004 ஜூலை 24-ஆம் தேதி அந்தக் கிளை திறக்கப்படும்வரை, நம் பக்கத்து ஏழை ஐகோர்ட்டுக்குப் போகவேண்டுமானால் சென்னைக்கு ரயிலேற வேண்டும். டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் பயந்தே பல பேர் நியாயத்தை விட்டுவிட்டார்கள்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசினோம் என்றாலும் தவறில்லை. சென்னை எழும்பூரில் காந்தி இர்வின் பாலச் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்த சூசை என்ற கிறிஸ்தவர் அவர். பிறப்பால் ஆதித்திராவிடர். 1982-இல் அரசாங்கம் சாலையோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே வெயிலில் அதே தொழில் செய்த இந்து ஆதித்திராவிடருக்குக் கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை. காரணம், 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த ஜனாதிபதி உத்தரவு. இந்து அல்லாதவரைத் தாழ்த்தப்பட்ட வகுப்பினராகக் கருதமுடியாது என்கிறது அதன் மூன்றாம் பத்தி. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் அதில் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. சூசை 32-ஆம் பிரிவின்படி நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஒரு செருப்புத் தொழிலாளி நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டுக்குப் போக முடிந்தது என்பதே, ரேகை வைத்த காலத்திலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைக் காட்டும். ஆனால் 1985 செப்டம்பர் 30-ஆம் தேதி வந்த தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இல்லை.

அந்தத் தீர்ப்பு சொன்ன காரணத்தை நாம் கவனிக்க வேண்டும். மதம் மாறிய பிறகும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. பழைய சமூகத்தில் பட்ட இழிவு, கிறிஸ்தவச் சமூகத்திலும் அதே கொடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றது கோர்ட்டு. நினைத்துப் பாருங்கள். சூசை ஜெயிக்க வேண்டுமானால் நம் வீட்டுக் குற்றத்தை நாமே சாட்சி சொல்லியாக வேண்டும். பிரசங்கத்தில் "நம்மிடம் சாதி இல்லை" என்கிறோம். அரசாங்கத்துக்கு மனு எழுதும்போது "எங்களிடமும் சாதி இருக்கிறது, சலுகை தாருங்கள்" என்கிறோம். இரண்டில் எது உண்மை என்று கோர்ட்டு நம்மைக் கேட்டது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஓடுகிற சுவரைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். சட்டம் மதத்தைப் பார்த்துப் பிரிப்பது அநியாயம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அந்த அநியாயத்தைக் கேட்கப் போகிறவன் சவ அடக்கத்தில் யார் தோள் கொடுக்கிறார்கள் என்று பார்த்து நிற்கக்கூடாது என்பதிலும் சந்தேகமில்லை. 2016 டிசம்பரில் நம் இந்திய ஆயர் பேரவையே, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு உண்டு, அது பாவம் என்று ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கையைப் பங்கு நூல்நிலையத்தில் வைத்திருக்கிறோம். இதுவரை மூன்று பேர் எடுத்துப் படித்திருக்கிறார்கள்.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல், இந்தச் சலுகையை மதத்தோடு முடிச்சுப் போடவேண்டாம் என்று சிபாரிசு செய்தது. 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் இருந்துவந்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. இரண்டு ஆண்டு என்று தொடங்கிய அதன் காலமும் நீட்டிக்கப்பட்டது. இதற்கிடையில் நம் பிள்ளைகள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவர்களுக்குத் துணை வராது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்து அடிப்பதில்லை. ஆனால் புகார் எழுதும்போது அந்தச் சீட்டு குறுக்கே வருகிறது.

அடுத்த ஞாயிறு முதல், இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு மன்றத்தில் ஒரு மேசை போடுவதாகப் பேரவை தீர்மானித்திருக்கிறது. சாதிச் சான்றிதழ், கூலிப் பாக்கி, காவல் நிலையத் தொல்லை, கணவன்மார் கொடுமை என்று எந்த விஷயமானாலும் காகிதங்களோடு வரலாம். எந்த மதத்தாரும் வரலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்கமே இலவச வக்கீல் வைத்துத் தரவேண்டும்; அந்த மனுவை எழுதிக்கொடுக்க எங்களில் நால்வர் இருப்போம். கையெழுத்து நன்றாக உள்ள இளைஞர்கள் இருவர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்றைக்கே கோயில் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகலாம்.